தடுப்புக்குத்தான் போகிறாள்

ஸ்ரீகாந்துக்கு அணுகுண்டைப் பற்றி எல்லாம் தெரியும். எந்த நாட்டிடம் எத்தனை இருக்கிறது, எது நிலத்துக்கு அடியில் கிடக்கிறது, எது கடலுக்கு அடியில் திரிகிறது, எல்லாம் விரல் நுனியில். சாப்பாட்டு மேசையில் எந்த நேரத்தில் வாயைத் திறக்க வேண்டும் என்பது மட்டும் தெரியாது. இவனுக்கு மண்டை வளர்ந்த அளவுக்கு முதுகெலும்பு வளரவில்லை என்று கரூரில் அவன் அம்மா சொல்வாராம். பெற்றவளுக்குத் தெரியாதா?

பலெர்மோவில் அவன் பார்த்தது பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வாளர் வேலை. வருடத்துக்கு ஒருமுறை காகிதம் புதுப்பித்தால் உண்டு, இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் கபோ சந்தைக்குப் பின்னால் அவன் குடியிருந்த முடுக்கில் இலங்கைத் தமிழர்கள் அவனைப் புரொபசர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு தடவை, ஐயோ, நான் புரொபசர் இல்லீங்க என்று மறுத்தான். மூன்றாவது தடவை மறுக்கவில்லை. இனிப்பு யாருக்குக் கசக்கும்?

ஏழு வருடமாக அவன் ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுதான். ஒரு பெரிய நாடு ஒரு சின்ன நாட்டைப் பார்த்து, உன்னை எவனாவது தொட்டால் நான் வருவேன், என்னிடம் அணுகுண்டு இருக்கிறது, பயப்படாதே என்கிறது. சொல்வது சுலபம். தொட்டே விட்டான் என்றால்? அடுத்தவன் ஊரைக் காப்பாற்றப் போய்த் தன் ஊர் சாம்பலாகும் என்று தெரிந்தும் வருவானா? வரமாட்டான் என்று எதிரி நினைத்துவிட்டால் சின்ன நாடு போச்சு. வந்துவிட்டாலோ, இவன் ஒரு படி ஏற, அவன் ஒரு படி ஏற, கடைசியில் எல்லாரும் போச்சு. இதைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு கட்டுரை எழுதியிருந்தான். தமிழில் ஒன்று எழுதி ஊரில் ஒரு சிற்றிதழில் அச்சாகியும் இருந்தது. அதில், அடிப்பேன் என்று பயங்காட்டியே எதிரியைத் தடுப்பதற்கு 'அணு ஆயுதத் தடுப்பு' என்ற சொல்லை நாற்பது இடத்தில் போட்டிருந்தான். நல்ல சொல் என்று அவனுக்கு ஒரு பெருமை.

அவன் இருந்தது மூன்றாம் மாடி. முதல் மாடியில் விமலராஜ் குடும்பம். விமலராஜ் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்ப்பவர். நல்ல மனிதர்தான், ஆனால் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். மனைவி ஞானம்பிகை பொலிதேயாமா பக்கம் ஒரு கிழட்டு இத்தாலிய அம்மாளின், அதாவது சிஞ்ஞோராவின், வீட்டில் வேலை செய்தாள். ஒரே மகள் சாரங்கா. ஏழு வயதில் தாயோடு வன்னியிலிருந்து வந்து, இங்கேயே படித்து, இத்தாலியக் கடவுச்சீட்டும் கிடைத்து, போன வருடம் இத்தாலிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டாள். இருபத்தொரு வயது. விமலராஜ் சீருடைப் படத்தைச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டினார். ஞானம்பிகை மட்டும் மகள் விஷயத்தில் 'ஆமி' என்ற சொல்லை வாயில் எடுக்கவே மாட்டாள். இத்தாலியர் சொல்கிற மாதிரி எசெர்சிதோ என்பாள். ஆமி என்றால் அவளுக்கு இலங்கை ஆமிதான்.

அந்தச் சாரங்காவின் படைப்பிரிவிலிருந்து லாத்வியாவுக்கு ஆள் எடுத்தார்கள். ஆறு மாதம். விருப்பம் உள்ளவர்கள் திங்கட்கிழமை காலை பேர் கொடுக்க வேண்டும். போய் வந்தால் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு கூடும் என்று பேச்சு.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை பின்னேரம், சிஞ்ஞோரா வீட்டு வேலை முடிந்து வந்த கையோடு, ஞானம்பிகை மூன்று மாடி ஏறி வந்து ஸ்ரீகாந்தின் கதவைத் தட்டினாள். கையில் மூடிய கிண்ணத்தில் சொதி. தனியாக அவன் அறைக்கு அவள் வந்ததே இல்லை. கதவை அகலத் திறந்து வைத்து, வாசலோடு ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள். ரஷ்யா பக்கத்திலேயே இருக்கிற அந்த நாட்டில் இவ்வளவு கொஞ்சப் பேரைக் கொண்டுபோய் வைத்து என்ன செய்யப் போகிறார்கள்? மகளிடம் கேட்டால் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறாள். கணவனிடம் கேட்டால் உனக்கு விளங்காது என்கிறார். புரொபசர் சொல்லட்டும்.

ஸ்ரீகாந்துக்குக் குஷி வந்துவிட்டது. வியா மக்வேதா தெருவில் இருக்கிற அவன் துறையில்கூட யாரும் அவனிடம் இத்தனை நேராகக் கேட்டதில்லை. கணினியில் வரைபடத்தைத் திறந்து, எல்லை இது, சாலை இது என்று வகுப்பு எடுத்தான். அங்கே இருக்கிற சில ஆயிரம் பேரால் ஒரு பெரிய படையை நிறுத்த முடியாது, நிறுத்துவதற்காக அவர்களை வைக்கவும் இல்லை என்றான்.

“பிறகு என்னத்துக்கு வச்சிருக்கினம்?”

“அவங்க மேல கை பட்டா அவங்கவங்க நாடு சும்மா இருக்க முடியாதில்லீங்களா? கனடாக்காரன் ஒருத்தன் செத்தா கனடா வந்தாகணும். இத்தாலிப் பொண்ணு ஒருத்தி செத்தா இத்தாலி வந்தாகணும். அப்புறம் குண்டு வெச்சிருக்கற பெரியவங்க வரணும். அது எதிரிக்கும் தெரியும், அதனால தொட மாட்டான். ட்ரிப்வயர்னு சொல்லுவாங்கக்கா. காலடியில கட்டற கம்பி.”

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் எதைச் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். ஞானம்பிகை ஒன்றும் அதிரவில்லை. போர் முடிந்த பிறகு முகமாலையில் இரண்டரை வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவள் அவள். கணவன் பலெர்மோவில், பிள்ளை மாமியிடம், இவள் வெயிலில் முழங்காலில். ஓர் அடி முன்னே போவதற்கு முன், மெல்லிய குச்சி ஒன்றைப் புல்லுக்குள் நீட்டிக் கம்பி தட்டுப்படுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

“கம்பி எனக்குத் தெரியும், தம்பி,” என்றாள். “அது அறுந்தால் வெடிக்கோணும், அதுக்குத்தான் கட்டுறது. வெடிக்காட்டி, கம்பி அறுந்தது மட்டும்தான் மிச்சம்.”

ஸ்ரீகாந்த் வாயைப் பிளந்தான். ஏழு வருடமாக அவன் முக்கி முனகிக்கொண்டிருந்ததை இந்த அம்மாள் சொதிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். அடுத்து அவன் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குக் காது சுடும். ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. மேசையிலிருந்த நோட்டை இழுத்து அந்த வரியை எழுதிக்கொண்டான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவன் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். சாரங்காவுக்கு அவன்மேல் மதிப்பு அதிகம். ஸ்ரீகாந்த் அண்ணா வேண்டாம் என்றால் நான் போகவில்லை, அவர் இதைத்தானே படிக்கிறார் என்று அவளே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். ஞாயிறு மதியம் அவன் சாப்பிட வர வேண்டும். ஞானம்பிகை பேச்சைத் தொடங்குவாள். அவன் இந்தக் கம்பிக் கதையை மகளுக்குச் சொன்னால் போதும்.

“இந்த வீட்டிலை அவருக்கு எதிரா நான் இதுவரைக்கும் ஒண்டும் கதைச்சதில்லை,” என்றாள். “நான் தனியக் கதைச்சா அது பயம் எண்டு போயிடும். நீங்கள் கதைச்சா அது படிப்பு. வருவியளோ?”

“வர்றேங்கக்கா,” என்றான் ஸ்ரீகாந்த். “நீங்க ஆரம்பிங்க. நான் பின்னாடியே வர்றேன். கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்ல?”

அவள் படியிறங்கும்போது அவன் மேலே நின்று இன்னொரு தடவையும் சொன்னான், கட்டாயம் வர்றேன் என்று. அப்போது அது உண்மைதான். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மேசையின் தலைப்பக்கத்தில் அவனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சோறு. கணவாய் காலையில் சந்தையில் விமலராஜே பார்த்து வாங்கியது. தமிழர் ஒன்றியத்திலிருந்து ஜோக்கிம் என்பவரும் வந்திருந்தார். தைப்பொங்கல் விழாவுக்கு இந்த முறை புரொபசர்தான் சிறப்பு விருந்தினர் என்று முடிவு செய்துவிட்டோம், மறுக்கக் கூடாது என்றார். விமலராஜ் அவன் தோளைத் தட்டி, எங்கடை கட்டிடத்திலையே இப்படி ஒரு ஆள் இருக்கிறது எங்களுக்கும் பெருமைதானே என்றார். ஸ்ரீகாந்த் நெளிந்தான், குளிர்ந்தும் போனான். சாரங்கா சாதாரணப் பனியனும் ஜீன்சுமாக அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞானம்பிகை எல்லாருக்கும் ஒரு சுற்றுப் பரிமாறினாள். வழக்கமாக எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். அன்றைக்குக் கரண்டியை வைத்துவிட்டு, ஸ்ரீகாந்துக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“சாரங்கா போறதுக்கு எனக்குச் சம்மதம் இல்லை,” என்றாள்.

விமலராஜ் முதலில் சிரித்தார். ஆட்கள் இருக்கிற இடத்தில் என்ன கதை இது என்றார். அவள் விடவில்லை. அங்கே பிள்ளைகளைக் கம்பியாகக் கட்டி வைக்கிறார்கள், அறுவதற்கென்றே வைக்கிறார்கள் என்றாள். உனக்கு எதைப் பார்த்தாலும் முகமாலைதான் என்று அவர் குரலை உயர்த்தினார். அதற்கும் அவள் அடங்கவில்லை என்றதும் மேசையில் ஓங்கி அடித்தார். தண்ணீர்க் கோப்பை கவிழ்ந்து ஜோக்கிமின் மடியில் ஊற்றியது.

“இருவது வருஷமா இவங்கடை எச்சில் கோப்பை கழுவினனான். இண்டைக்கு என்ரை பிள்ளை இவங்கடை கொடியைத் தோளிலை குத்திக்கொண்டு தலை நிமிந்து நடக்கிறாள். அதைக் கெடுக்கப் போறியோ? ஆர் உனக்கு உந்தக் கதையெல்லாம் சொன்னது?”

ஞானம்பிகை யார் என்று சொல்லவில்லை. அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. நிமிர்ந்து எதிரே பார்த்தாள், அவ்வளவுதான். நான் தொடங்கிவிட்டேன், வாருங்கள் என்கிற பார்வை.

சாரங்காவும் அவன் பக்கம் திரும்பினாள். “ஸ்ரீகாந்த் அண்ணா, அம்மா சொல்றது வேரோவா? உண்மையா? நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, நாளைக்கு நான் பேர் குடுக்கேல்லை. சத்தியமா.”

ஒரே ஒரு சொல். ஆமாம் என்றால் முடிந்தது. ஸ்ரீகாந்துக்கு வாயில் கொழுக்கட்டை அடைத்துக்கொண்டது. விமலராஜின் கழுத்து நரம்பைப் பார்த்தான். ஈரக் கால்சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்த ஜோக்கிமைப் பார்த்தான். ஆமாம் என்றால் விமலராஜ் எழுந்து கத்துவார். நீதானா என் பெண்டாட்டிக்கு ஓதினது என்பார். அவர் அப்படிச் சொன்னால் நானும் ஏதாவது சொல்ல வேண்டிவரும், அது எங்கே போய் முடியுமோ, குடும்பத்துக்குள் நமக்கென்ன வேலை என்று மனசு வேகவேகமாகக் கணக்குப் போட்டது. ஒரு சின்னச் சண்டை எப்படிப் படிப்படியாக ஏறி ஊரையே அழிக்கும் என்று ஏழு வருடம் படித்தவனுக்கு முதல் படியிலேயே தலை சுற்றியது. தட்டில் கிடந்த கணவாய்த் துண்டைப் பார்த்தான்.

“அப்படியொன்னும் பயப்பட வேண்டியதில்லீங்க,” என்றான். “இது சண்டைக்குப் போறதில்ல. தடுப்புக்குத்தான் போறாங்க.”

விமலராஜின் கை சோற்றில் கிடந்தது. ஜோக்கிம் துடைப்பதை நிறுத்தினார். ஞானம்பிகையின் முகத்தில் ரத்தம் இல்லை. தன் அருமையான சொல் இவர்களுக்குப் புரியவில்லை போலும் என்று நினைத்தான் இந்தப் படித்த மேதை. உற்சாகமாக விளக்கவும் தொடங்கினான்.

“தடுப்புங்க. தடுப்பு. தடுப்புக்குப் போனவங்களுக்கு ஒன்னும் ஆகாது, நீங்க நம்பலாம்.”

கரூர்க்காரனுக்கு என்ன தெரியும்? வன்னியிலிருந்து வந்தவர்களுக்குத் தடுப்பு என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். போர் முடிந்த அன்று சரணடைந்தவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம். அவன் தடுப்பிலே இருக்கிறான், இவன் தடுப்பாலே வந்துவிட்டான் என்று சொல்வார்கள். வராதவர்களும் உண்டு.

“என்ரை தம்பி தடுப்புக்குப் போனவன்,” என்றாள் ஞானம்பிகை. குரல் உயரவில்லை. “ஆமி நிண்ட பாலத்தடியிலை நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் விட்டனான். பத்தொன்பது வயசு. ஒண்டும் ஆகாது, நம்பலாம் எண்டுதான் சொன்னவை. இன்னும் வரேல்லை.”

அப்போதாவது ஸ்ரீகாந்த் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்கா சொல்வது சரி, கம்பிதான், நான்தான் சொன்னேன் என்று ஒரு வரி. அவன் வாயைத் திறப்பதற்குள் சாரங்கா எழுந்து போய்த் தாயைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மா, அண்ணா சொன்னது அந்தத் தடுப்பு இல்லை, இது வேறை என்றாள். இத்தாலியத்தில் அது தெதெரென்ட்சா, உங்கள் தடுப்பு தெதென்ட்சியோனே, இரண்டும் ஒன்று இல்லை மம்மா என்று ராகம் போட்டுச் சொன்னாள். தெதெரென்ட்சா, தெதென்ட்சியோனே. கேட்க வேடிக்கையாகத்தான் இருந்தது. விமலராஜ் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். இரண்டு சொல்லையும் ஜோக்கிம் மாற்றிச் சொல்லிப் பார்த்து வாய் குழறவும் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். ஸ்ரீகாந்தும் சிரித்தான். சிரித்தானே, அதுதான் பிறகு அவனைத் தின்றது.

அந்தச் சிரிப்போடு பேச்சும் முடிந்துபோனது. போகலாமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை, முடிவாகிவிட்ட மாதிரி எல்லாரும் சோற்றைப் பிசைந்தார்கள். ஞானம்பிகை மெல்ல எழுந்து கரண்டியைக் கையில் எடுத்தாள். நேரே அவனிடம்தான் வந்தாள். “இன்னும் கொஞ்சம் கறி போடட்டோ, தம்பி?” என்றாள். அவன் தட்டை நீட்டினான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது, ஆனாலும் நீட்டினான், தின்றான், நல்லாருக்குங்கக்கா என்றும் சொன்னான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பேர் கொடுக்க வேண்டும். ஏழு மணிக்குச் சாரங்கா புறப்படுவாள் என்று அவனுக்குத் தெரியும். ஆறரைக்கே உடுத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றான். படிக்கட்டில் பிடித்து நிறுத்தி, நேற்று நான் சொன்னது பாதிதான், மீதியையும் கேள் என்று சொல்ல வேண்டும். பூட்ஸ் சத்தம் முதல் மாடியில் கேட்டது. கை தாழ்ப்பாளில்தான் இருந்தது. பாவம், அவளுக்கு நேரமாகிவிடுமே என்று தோன்றியது. கோழைக்குச் சாக்கு சொல்லியா தர வேண்டும்? தெருக்கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான் தாழ்ப்பாளைத் திறந்தான்.

பொங்கல் விழாவில் அவனுக்குச் சால்வை போட்டார்கள். பேசக் கொடுத்த தலைப்பு தமிழரின் வீரம். பேசினான், நாற்பது நிமிடம். மூன்றாவது வரிசையில் ஞானம்பிகை உட்கார்ந்து எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினாள். அவன் புதிதாக எழுதிய கட்டுரையையும் ஓர் ஆய்விதழ் அதே மாதத்தில் ஏற்றது. கம்பி அறுவதைப் பற்றிய அந்த ஒரு வரி மட்டும் மிகவும் பிரமாதம் என்று பரிசீலித்தவர் எழுதியிருந்தார். அது யார் சொன்ன வரி என்று கட்டுரையில் எங்கும் இல்லை.

பிப்ரவரியில் சாரங்கா புறப்பட்டாள். முடுக்கின் முனையில் கார் நின்றது. அவள் அவனைத் தேடி மூன்று மாடி ஏறி வந்து, விளையாட்டாக ஒரு சல்யூட் வைத்தாள்.

“கிராட்சியே, அண்ணா,” என்று நன்றி சொன்னாள். “நீங்கள் சொன்னதாலைதான் அம்மா ஒண்டும் கதைக்காமல் விட்டவ.”

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது. குளிராக இருக்கும், பார்த்துக்கோம்மா என்று ஏதோ உளறினான்.

அதன் பிறகு தினமும் மாலை ஐந்து மணிக்கு ஞானம்பிகையின் போன் அடிப்பது படிக்கட்டு வரை கேட்கும். பனி, பயிற்சி, உருளைக்கிழங்கு, இவ்வளவுதான் மகள் சொல்லும் கதை. மார்ச் மாதம் மூன்றாவது வாரம் லாத்விய எல்லைப் பக்கம் ஏதோ விழுந்து வெடித்தது என்று தொலைக்காட்சியில் ஓடியது. விழுந்தது தவறியா, வேண்டுமென்றேவா என்று கோட்டு போட்டவர்கள் வாதாடினார்கள். நட்பு நாட்டின் ஒவ்வோர் அங்குலத்தையும் காப்போம் என்றார் ஒரு தலைவர். அவசரப்பட்டு ஏதாவது செய்து விபரீதமாகிவிடக் கூடாது என்றார் இன்னொருவர். அந்த இரண்டாவது குரலை ஸ்ரீகாந்துக்கு நன்றாகத் தெரியும். அது அவன் குரல்தான். அன்றைக்கு ஐந்து மணிக்கு முதல் மாடியில் போன் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. எச்சரிக்கை நேரத்தில் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

மூன்றாம் நாள் நாலே முக்கால் மணிக்கு அவன் இறங்கிப் போனான். விமலராஜ் வேலைக்குப் போயிருந்தார். ஞானம்பிகை மேசையில் போனை வைத்துக்கொண்டு பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். அதே மேசை, அதே நாற்காலி. உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை.

“அக்கா, அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்,” என்றான். “பயந்துட்டேன். அண்ணன் கத்துவாருன்னு பயந்துட்டேன். வேற காரணம் ஒன்னும் இல்லீங்க. சொல்லவே வெக்கமா இருக்கு.”

“அது எனக்கு அண்டைக்கே தெரியும்,” என்றாள். அவள் கை நிற்கவில்லை. அவன் போய்விடலாமா என்று நினைத்த நேரத்தில் அவளே பேசினாள்.

“நீங்கள் பயந்ததுக்கு நான் குறை சொல்லேல்லை, தம்பி. எனக்கும் அவரிலை பயம்தான். ஆனால் ஏலாது எண்டு நீங்கள் முதலே சொல்லியிருந்தால் நான் வேறை வழி பாத்திருப்பன். சாப்பிடாமல் கிடந்திருப்பன். அவளின்ரை காலிலை விழுந்திருப்பன். பெத்த தாய் காலிலை விழுந்தா அவள் போவாளோ? நீங்கள் வாறன் எண்டு சொன்னியள். அதை நம்பினபடியால் நான் ஒண்டும் செய்யேல்லை.”

ஏழு வருடப் படிப்பில் இந்த இடம் அவனுக்கு மனப்பாடம். காக்க முடியாதவன் காப்பேன் என்று சொன்னால், சொல்லாமலே விட்டதைவிட அது பெரிய கேடு. இரண்டாவது கட்டுரையின் முடிவில் அவனே எழுதியது.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தடிக்க இரண்டு நிமிடம். அவள் காயைத் தள்ளி வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஐந்தானது. ஐந்து ஐந்தானது. போன் அடிக்கவில்லை. அந்த நேரத்தில் அந்த வீட்டில் நிற்கும் உரிமை தனக்கில்லை என்று அவனுக்குத் தோன்றியது. கதவடிக்குப் போய், வாய் பழகிய பழக்கத்தில் திரும்பிச் சொன்னான்.

“அப்ப நான் வர்றேங்கக்கா.”

“தம்பி,” என்று கூப்பிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவள் ஓர் உதவி கேட்கிற மாதிரிதான் கேட்டாள். “நீங்கள் இனி இஞ்சை வாறன் எண்டு சொல்லாதேங்கோ. போறன் எண்டே சொல்லுங்கோ.”

ஒரு வீட்டை விட்டு இறங்கும்போது போகிறேன் என்று தமிழில் யார் சொல்வார்கள்? அதுவும் பிள்ளை தூரத்தில் இருக்கிற வீட்டில், போன் அடிக்காத நேரத்தில். அப்படிச் சொல்லக் கூடாதுங்கக்கா என்று முனகினான்.

“ஓம், சொல்லக் கூடாதுதான்,” என்றாள். “ஆனால் அதைச் சொன்னியள் எண்டால் அதைச் செய்வியள்.”

அவள் போனைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவன் சொல்லும்வரை முகத்தைத் திருப்பவில்லை.

“போறேங்கக்கா,” என்றான் ஸ்ரீகாந்த்.

“ஓம், போங்கோ,” என்று சொல்லி அவள் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.